அம்மாவின் பீரோவில் ஒரு பதக்கம்

மணலி புதுநகரில் இன்று காலை தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. ஐம்பது வயதிலும் என் கை தானாகக் குடத்தைத் தேடியது.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது நாங்கள் ராயபுரத்தில் இருந்தோம். லாரி வந்தால் தெருவெல்லாம் பிளாஸ்டிக் குடங்கள் மோதும் சத்தம், டீசலும் ஈர மண்ணும் கலந்த வாசம். எல்லையில் நடந்த சண்டையில் வீரப் பதக்கம் வாங்கிய என் அப்பா, ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த முதல் வாரமே அந்தக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தக் கிளம்பினார்.

"எல்லாரும் லைன்ல நில்லுங்க!"

"ஓரமா நில்லு நைனா, தண்ணி தெறிக்குது," என்று அவரை இடித்துக்கொண்டு போனாள் பக்கத்து வீட்டு அக்கா. அப்பா முழுக்க நனைந்து, காலிக் குடத்தோடு நின்றார்.

அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே புகுந்தாள். கால் மணி நேரத்தில் எங்கள் வாசலில் எட்டுக் குடம் நிறைந்திருந்தது.

அப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்து, பதக்கத்தை எடுத்துவந்து அம்மாவின் ஈரப் புடவையில் குத்தினார்.

"நான் ஒரு நாள்தான் சண்ட போட்டேன். நீ தெனம் போட்டுகினு கீற. இது உனக்குத்தாம்மே."

"ஐய, இன்னா கூத்து இது!" என்றாள் அம்மா. ஆனால் கழற்றவில்லை. அதோடுதான் மீன் வாங்கப் போனாள்.

ஹாரன் ஓய்ந்தது. இன்று குடியரசு தினம். எங்கள் குடியிருப்பில் கொடியேற்ற அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எண்பது வயதில், அம்மாவின் பீரோ முன்னால் விறைப்பாக நின்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்:

"அத்த கொஞ்சம் குடும்மே. கொடி ஏத்தினதும் குட்த்துடறேன்."