பழுதுபார்க்க எண் இல்லை, கழற்ற உண்டு

எங்கள் தொழிலில் வருத்தத்துக்கு, அதாவது நோய்க்கு, பெயர் கிடையாது, எண்தான் உண்டு. எண் இல்லாத வருத்தத்தை இன்சூரன்ஸ்காரர் வருத்தமென்று ஒப்புக்கொள்வதுமில்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில், பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துக்கொண்டே லண்டனில் ஒரு தனியார் மருத்துவமனையின் பில் பிரிவில் பகுதிநேரமாக இருந்தேன். சத்திரசிகிச்சை அறிக்கையைப் படித்து, தடித்த புத்தகமொன்றில் அதற்குரிய எண்ணைத் தேடி, இன்சூரன்ஸ் கம்பனிக்கு அனுப்புவது வேலை. ஏதாவதொரு கவுண்டரில் 'சிஸ்டம் ஏற்காது' என்ற பதிலைக் கேட்டுப் பல்லைக் கடித்தவர்கள் எல்லாரும் என் உறவுகள்தான். உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

மூளைப் பகுதி

எனக்கு மெடிசின் படிக்க இடம் கிடைக்கவில்லை. எங்கள் ஆட்கள் நிறைந்த இல்ஃபோர்ட்டில் இது சின்னச் செய்தியல்ல. கோயிலில், கலியாண வீட்டில், மீன் கடை வரிசையில் அம்மாவுக்குச் சொல்ல ஏதாவது வேண்டியிருந்தது. நான் வேலையில் சேர்ந்த கிழமையே "மகள் ஹொஸ்பிற்றலில, மூளைப் பகுதி" என்று அறிவித்துவிட்டார். மூளை ஒபரேசன் பில்கள்தான் என் மேசைக்கு வரும் என்பது உண்மை. ஆனால் மாமாமார் போன் எடுத்துத் தலையிடிக்கு மருந்து கேட்கத் தொடங்கினார்கள். பாதி உண்மை முழுப் பொய்யைவிட மோசமானது என்று அம்மாவிடம் நீண்ட வாதம் ஒன்று வைத்தேன். அவர் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவேயில்லை.

"எது பொய்? மூளைக்குத்தானே பில் போடுறாய்?"

நூல் அறுந்த மெசின்

ஜெசிந்தா அக்கா மன்னார்ப் பக்கம். வால்தம்ஸ்டோவில் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்பவர். கை நடுக்கம் மோசமாகித் தொழிலே நின்றுபோக, கணவரின் கம்பனி இன்சூரன்ஸில் எங்கள் மருத்துவமனை அக்காவுக்கு ஒரு கருவி பொருத்தியிருந்தது. மூளைக்குள் மெல்லிய வயர், நெஞ்சுத் தோலுக்கடியில் பற்றரிப் பெட்டி. கருவி ஓடினால் கை ஆடாமல் நிற்கும். ஒருநாள் கழுத்தடியில் வயர் முறிந்தது. நடுக்கம் திரும்பியது. தேவாலயத்தில் முதல்நன்மை வாங்கவிருந்த பங்குப் பிள்ளைகளின் சட்டைகள் வெட்டின துணியாகவே கிடந்தன.

வயரைத் திருத்த இன்சூரன்ஸ் கம்பனியிடம் அனுமதி கேட்டேன். மறுத்துவிட்டார்கள். திருத்துவது சிகிச்சையல்ல, பராமரிப்பாம். கார் சேர்விஸ் மாதிரி. கருவியைக் கழற்றுவதோ சிகிச்சை. அதற்கு எண்ணும் உண்டு, பணமும் உண்டு. தமிழ்ப் பிள்ளை என்பதால் செய்தியைச் சொல்ல மருத்துவமனையில் என்னையே அனுப்பினார்கள். அக்கா ஆடுகிற கையை மற்றக் கையால் அமத்திக்கொண்டு கேட்டார்:

"ஏன் பிள்ளை, மெசினில நூல் அறுந்தா, மெசினைத் தூக்கி எறியத்தான் காசு தருவினமோ?"

அடுத்த மேசை

இன்சூரன்ஸ் கம்பனியில் எங்கள் கோப்புகளைப் பார்த்தவர் மோறீன் என்ற பெண். போனில் பிடித்துக்கொண்டேன். கழற்றினால் நடுக்கம் போகாது. நடுக்கம் போகாவிட்டால் மறுபடி பொருத்தவேண்டும். பொருத்துவது திருத்துவதைவிடச் செலவு. ஆகவே திருத்துவதுதான் உங்களுக்கே லாபம். ஓட்டை இல்லாத வாதம். மறுமுனையில் பிஸ்கற் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"நீ சொல்வது முழுக்கச் சரி, டியர். ஆனால் மறுபடி பொருத்துகிற செலவு அடுத்த மேசையினுடையது."

புதுமை

வேறு வழியில்லாமல் கழற்றவே அனுமதி எடுத்தோம். சத்திரசிகிச்சை நிபுணர் முறிந்த வயரைக் கழற்றினார். கருவியைச் செய்த கம்பனி உத்தரவாதத்தில் இலவசமாகக் கொடுத்த புது வயரைப் போட்டார். கை நின்றது. அறிக்கையில் எதையும் ஒளிக்கவில்லை: வயர் கழற்றப்பட்டது, புதியது இணைக்கப்பட்டது, நடுக்கம் நின்றுவிட்டது. மூன்றையும் அனுப்பினேன். இன்சூரன்ஸ் கம்பனியில் கழற்றியதற்கான எண்ணை மட்டும் வாசித்தார்கள் போலும். கருவி அகற்றப்பட்டபின் அவர் பூரண சுகம் பெற்றதில் மகிழ்ச்சி என்று அக்காவுக்குக் கடிதம் போட்டுக் கோப்பை மூடிவிட்டார்கள். அக்கா எனக்குப் போன் எடுத்தார்.

"பிள்ளை, மெசின் இல்லாமலே கை நிக்குதெண்டு வெள்ளைக்காரர் எழுத்தில தந்திருக்கினம். மாதா செய்த அற்புதப் புதுமை எண்டு கோயில் சுவாமியாரிட்டக் குடுக்கட்டோ?"

அனுமதியில்லாத பெட்டி

அடுத்த வருடம் பற்றரி நேரத்துக்கு முன்பே இறங்கியது. கை மறுபடி ஆடியது. அக்கா இந்தமுறை பகிடி விடவில்லை. வாடிக்கைக்காரரை வேறு தையல்காரியிடம் அனுப்பத் தொடங்கியிருந்தார். பற்றரி மாற்ற நான் அனுமதி கேட்டால், இல்லாத கருவிக்குப் பற்றரி எதற்கு என்று பதில் வந்தது. வந்த கோபத்தில் எக்ஸ்ரே படத்தையே அனுப்பினேன். நெஞ்சில் பெட்டி, கழுத்தில் வயர், எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. மோறீன் தானே போன் எடுத்தார். தங்கள் அனுமதியில்லாமல் உள்ளே ஒரு கருவி இருக்கிறதே என்று பதறினார். அதைக் கழற்ற அன்றைக்கே அனுமதி தந்தார்.

நிபுணர் பழைய பற்றரியைக் கழற்றி, உத்தரவாதத்தில் வந்த புதியதை வைத்தார். முழு அறிக்கையும் போனது. மறுபடியும் எண் மட்டும் வாசிக்கப்பட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. இந்த அநியாயத்தைப் பற்றி மேலிடத்துக்கு ஒரு முறைப்பாடு எழுதப்போகிறேன் என்று வால்தம்ஸ்டோவுக்கே போய்ச் சொன்னேன். அக்கா ஒரு சட்டைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

"சும்மா இரு பிள்ளை. அவையள் கழட்டச் சொல்லச் சொல்லத்தான் எனக்குக் கை நல்லா வருது."

ஒரு பெண்ணின் கையைக் காப்பாற்ற என் வாதம் ஒன்றும் உதவவில்லை. அறிக்கையை ஒருவரும் முழுதாக வாசிக்காததுதான் உதவியது.