பனி தங்காத கூரை

அயலவர் கூரைகளில் பனி வெள்ளையாகக் கிடந்தது. எங்கள் கூரையில் மட்டும் உருகிவிட்டிருந்தது. வீட்டுச் சூடு மேலால் போகிறது, ஒழுகும்வரை காத்திராமல் கூரையை மாற்றுங்கள் என்றார் பார்க்க வந்த கூரை வேலைக்காரர்.

தொண்ணூறுகளில், பிராங்பேர்ட்டில் நாங்கள் குடியிருந்த மேல்மாடி அறையின் கூரையிலும் பனி தங்காது. உருகிய தண்ணீர் பலகை இடுக்கால் கட்டிலில் சொட்டும். அறை முழுக்க ஈரக் கம்பளி மணக்கும்.

ஊரில் நடந்த போரில் சித்தப்பா ஷெல் குண்டு பட்டு இறந்த செய்தி தொலைபேசியில் வந்தபோது, அப்பா அந்தக் கட்டிலில் போய் இருந்தார். தண்ணீர் அவருடைய தோளில் விழுந்துகொண்டே இருந்தது.

"இஞ்சாலை தள்ளி இருங்கோவன், நனையுது," என்றார் அம்மா.

"குளிர் ஒண்டும் தெரியேல்லை," என்றார் அப்பா.

அவர் அழவில்லை. அம்மாவும் பக்கத்தில் போய் இருந்து நனைந்தார். நான் கதவடியில் நின்று பார்த்தேன். எனக்கும் அழுகை வரவில்லை. மறுநாள் அப்பா வழக்கம்போல உணவகத்துக்குக் கோப்பை கழுவப் போனார். தன் தம்பியின் பெயரை அதற்குப் பிறகு அவர் சொன்னதேயில்லை.

இப்போது அப்பா என் வீட்டு மேல்மாடியில்தான் படுக்கிறார். கூரை வேலைக்காரர் போனதும் மேலே ஏறினேன்.

"அப்பா, இனிக் கீழறையிலை படுங்கோ."

அவர் ஒருமுறை கூரையை நிமிர்ந்து பார்த்தார். தலையணையை எடுத்துக்கொண்டு எனக்குப் பின்னால் இறங்கி வந்தார்.