மலைப்பாதையை அடைக்கக் கேட்ட ஜெபம்

மாலை நான்கு பத்து. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தேன். முதலில் கண்ணில் பட்டது, ரோட்டோரப் புல்லில் கிடந்த ஒற்றை மஞ்சள் செருப்பு. அது மாலியுடையது. மாலியைக் காணவில்லை.

போன ஐப்பசியில், குமுளியிலிருந்து லோயர் கேம்ப்புக்கு இறங்கும் மலைப்பாதையில் இது நடந்தது. என் கணவர் தாய்லாந்தில் பள்ளி ஆசிரியராக இருந்தார். எங்களுக்கு நான்கு பிள்ளைகள். ஐந்தாவதாக அங்குள்ள குழந்தைகள் இல்லம் ஒன்றிலிருந்து மாலியைச் சட்டப்படி தத்தெடுத்தோம். அவளுக்கு வயது நான்கு. கோர்ட், தூதரகம் என்று அலைந்து முடித்து, ஒரேயடியாக உத்தமபாளையத்துக்கே திரும்பிக்கொண்டிருந்தோம். கணவரின் அண்ணன், நான் பெரியத்தான் என்று கூப்பிடுபவர், தன் குடும்பத்தோடு கொச்சிக்கே வேன் கொண்டுவந்து எங்களை ஏற்றிக்கொண்டார்.

அந்த வாரம் நல்ல மழை. மண் சரிந்து பாதை அடைபடக் கூடாது என்று சபையாராகிய உங்களில் பலர் எங்களுக்காக ஜெபித்தீர்கள். பாதை திறந்தே இருந்தது.

எங்கள் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கேரளாவிலிருந்து இறங்கும்போது, பள்ளத்தாக்கு முதலில் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வண்டியை நிறுத்தி, எல்லோரும் இறங்கி ஜெபிப்போம். அன்றும் நின்றோம். ஒருபுறம் பாறை. மறுபுறம் முழங்கால் உயரத் தடுப்புச் சுவர், அதற்கு அப்பால் காடும் சரிவும். பெரியத்தான் ஜெபித்தார். அவர் ஜெபம் நீளமானது. ஒருவரையும் விடாமல் பேர் சொல்லி ஜெபிப்பார். எல்லோரும் கண்ணை மூடியிருந்தோம். பின்னால் ஏதோ வண்டி வந்து நின்ற சத்தமும், பிறகு கிளம்பிப் போன சத்தமும் காதில் விழுந்தன. அதன் பிறகுதான் பெரியத்தான் மாலியின் பேரைச் சொன்னார்.

"ஏங்க, மாலி எங்க?"

"ஒங்கிட்டதான நின்னா?"

வேனுக்குள் பார்த்தோம். வேனுக்கு அடியில் பார்த்தோம். கணவர் தடுப்புச் சுவரைத் தாண்டிச் சரிவில் இறங்கினார். பெரியத்தான் போலீஸுக்குப் போன் போட்டார். சிக்னல் இல்லை. மாலிக்குத் தெரிந்த தமிழ் அம்மா, தண்ணி, வேண்டாம், அவ்வளவுதான். யார் கையில் சிக்கினாலும் தன் ஊர் எது, அப்பா யார் என்று அவளால் சொல்ல முடியாது.

மூத்த மகள் ரூத் என் கையைப் பிடித்தாள். "அம்மா, எல்லாரும் கண்ண மூடுனா அவ ஒளிஞ்சுக்கிருவா. அந்த ஹோம்ல அப்படித்தான் வெளையாடுவாக."

அப்போதுதான் பின்னால் நின்று போன வண்டியின் ஞாபகம் வந்தது. அந்த நேரம் ஏலத்தோட்டத்து வேலை முடிந்து பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பத்துக்கு இறங்கும் ஜீப்புகள் வரிசையாகப் போகும். அதில் எந்த ஜீப் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கீழே போய்விட்டால் கூடலூருக்கு ஒன்று, கம்பத்துக்கு ஒன்று, புதுப்பட்டிக்கு ஒன்று என்று பிரிந்துவிடும்.

எனக்கு வேதவசனம் எதுவும் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, ரோட்டை அடைத்துவிடும். ஒரு வண்டியும் கீழே போகக் கூடாது" என்றேன். எதற்காக அந்த வாரம் முழுவதும் சபையே ஜெபித்ததோ, அதற்கு நேர் எதிராகக் கேட்டேன். கேட்டபடியே கீழ்நோக்கி ஓடினேன்.

இரண்டு வளைவு தாண்டியிருப்பேன். கீழேயிருந்து ஹாரன் சத்தம். ஒன்றல்ல, பல. அடுத்த வளைவில் திரும்பினால், மஞ்சள் விளக்கு எரிய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன. மேலே ஏறி வந்த சிமென்ட் லாரி ஒன்று வளைவில் குறுக்கே நின்றுவிட்டது. இந்தப் பக்கமும் வழியில்லை, அந்தப் பக்கமும் வழியில்லை.

ஒவ்வொரு ஜீப்பின் பின்பக்கமும் எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். தார்ப்பாய் போட்ட ஒரு ஜீப்பில், பெண்களின் கால்களுக்கு நடுவே, தூக்குவாளிகளோடு மாலி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கை தட்டிச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து அழ ஆரம்பித்தாள்.

"ஆத்தா, ஒங்க பிள்ளையா? வாயில வெரல வச்சு 'உஷ்'ங்குது. நான் செல்வி மகள்னுல்ல நெனச்சேன்" என்றார் ஓரத்தில் இருந்த அம்மா.

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலக்கா. பிள்ள எங்கனருந்து வரும்?" என்றாள் செல்வி. ஜீப்பே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். செல்விதான் இறங்கி மாலியை என் மடியில் வைத்தாள்.

பின்னாலேயே ஓடிவந்த பெரியத்தான், நேராக லாரி டிரைவரிடம் போய் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். அதுவரை எல்லோரிடமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்த மனிதர் அவர். "தம்பி, நீ நல்லா இருக்கணும்யா."

"அச்சு ஒடிஞ்சு நிக்கேன், கேலி பண்றீகளா பெரியவரே?" என்றார் டிரைவர்.

அச்சு ஒடிவதற்கு அதன் காரணம் இருக்கும். பாரம் அதிகமாக இருந்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. நான் கேட்டதையும் பார்த்ததையும் மட்டும் சொல்கிறேன். பல வருடங்களாக அழகான வார்த்தைகளால் ஜெபித்து வந்தவள் நான். அன்று என்னிடம் வார்த்தை இல்லை. தேவை மட்டும் இருந்தது. அதற்குப் பதில் வந்தது. அன்றிலிருந்து ஜெபத்தில் நான் சுற்றி வளைப்பதில்லை. இதை வாசிக்கிறவர்களில் யாராவது பிள்ளைக்காகவோ உயிருக்காகவோ தவித்துக்கொண்டிருந்தால், ஓடுகிற ஓட்டத்திலேயே ஆண்டவரிடம் கேளுங்கள். அவர் செவிசாய்க்கிறவர்.

லாரியை ஓரம் தள்ளுவதற்குள் இருட்டிவிட்டது. மாலி என் மடியிலேயே தூங்கினாள். அன்றிரவு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

இப்போதும் எங்கள் வீட்டில் தினமும் குடும்ப ஜெபம் உண்டு. யாராவது ஒருவர் மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அதற்கு முறை வைத்திருக்கிறோம். இந்த வாரம் மாலியின் முறை.