சிவப்புப் பொட்டு வைத்த ஆணிகள்

மரியநாயகம் தன் காரை என்னிடம் விட்டுவிட்டுப் போனதே கிடையாது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரு சின்ன இடம் இருக்கிறது. வாகன வயர் வேலை. ஹோர்ன் அடிக்காவிட்டாலும் லைட் எரியாவிட்டாலும் என்னிடம் வருவார்கள். மற்றவர்கள் சாவியைத் தந்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இவர் ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு என் கைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு உட்காருவார். நான் ஒரு பல்பைக் கழற்றினால் அந்தப் பழைய பல்பு அவர் சட்டைப் பைக்குள் போய்விடும். எரிந்துபோன பல்பு ஐயா, அது எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். எரிந்தது என்று நீதானே சொல்கிறாய் என்றார்.

முழுப் பிழை அவரிடம் என்று சொல்லமாட்டேன். ஜப்பானில் இருந்து காரோடு வந்த நல்ல சாமானைக் கழற்றி எடுத்துக்கொண்டு மலிவுச் சாமானைப் பூட்டி அனுப்புகிற ஆட்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருந்து வாகனம் இறக்குவதை அரசாங்கம் நிறுத்திய பிறகு பழைய காரின் ஒரு கண்ணாடிக்கும் திருடன் வந்தான். ஆனால் மரியநாயகம் அதற்கு முன்பே அப்படித்தான்.

புசல்லாவைப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். இளவயதில் தேயிலை பெக்டரியில் ஸ்டோர் வேலை. பிறகு கண்டி டவுனுக்கு வந்து ஒரு புடவைக் கடையில் சேர்ந்து, ஓய்வெடுக்கும் வரைக்கும் பின்கதவில் நின்றார். சாயங்காலம் வேலை முடிந்து போகிற பிள்ளைகளின் கைப்பையைத் திறந்து பார்ப்பதுதான் வேலை. சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைக்கூடத் திறக்கச் சொல்வாராம். ஒருவரும் அவரோடு கோபிக்கவில்லை, அது கடைச் சட்டம். என்ன, அத்தனை வருஷம் பை பார்த்த கண் வீட்டுக்கு வந்ததும் மூடிக்கொள்ளுமா?

காரில் அவர் பார்வை படாத ஆணி ஒன்றில்லை. கழற்றக்கூடிய ஒவ்வொரு ஸ்குரூ ஆணியின் தலையிலும் சிவப்புக் கியூடெக்ஸ் ஒரு பொட்டு. ஆணியும் தகடும் சேருகிற இடத்தில் வைப்பார். யாராவது திருகினால் பொட்டு வெடித்துக் காட்டிக்கொடுக்கும். அவருடைய மனைவி மதலேனா அக்கா அந்தக் கியூடெக்ஸை ஒருநாளும் நகத்தில் பூசியதில்லை. அது காருக்கென்றே வாங்கியது.

போன வருஷம் இரண்டு பேருமாக வந்தார்கள். மகள் சமந்தாவுக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. பொண்ணு இந்தக் காரில்தான் கோயிலுக்குப் போவாள், போகும்போது வேதப்பாட்டுக் கேட்கவேண்டும் என்பது அவர்களின் ஆசை. மரியநாயகம் சட்டைப் பையில் இருந்து விரல் நீளத்தில் ஒரு பாட்டுப் பெட்டியை எடுத்தார். காதில் மாட்டிக் கேட்கிற சாதி. இதைக் கார் செட்டில் இணைத்துத் தரவேண்டும், ஆனால் செட்டைக் கழற்றக்கூடாது, ஒரு வயரையும் வெட்டக்கூடாது.

போனிலேயே பாட்டு வைக்கலாமே என்றேன்.

"போன் நாம பேசுறத கேக்குது லிங்கம். முந்தாநாள் வீட்ல குக்கர் வாங்கணும்னு பேசினோம். நேத்து போனத் தொறந்தா முழுக்க குக்கர்."

பின்சீட்டில் இருந்த மதலேனா அக்காவுக்குப் பாட்டு ஒரு பொருட்டில்லை. அவருடைய கவலை வேறு. "பாட்டு இருந்தா என்ன இல்லாட்டி என்ன. எந்தம்பி வராம எம்புள்ள கோயில் படி ஏறமாட்டா. அத இவருகிட்ட சொல்லு லிங்கம்," என்றார்.

அந்தத் தம்பி எஸ்ரன். தெல்தெனியவில் தையல் கடை வைத்திருக்கிறான். அவனும் மரியநாயகமும் முகம் பார்த்துப் பேசிப் பன்னிரண்டு பதின்மூன்று வருஷம். அந்தக் கதையை மரியநாயகம் சொன்னது ஒரு மாதிரி, அக்கா சொன்னது ஒரு மாதிரி. நான் அக்காவின் கதையை நம்புகிறேன்.

யுத்தம் முடிந்த கையோடு மடு மாதா கோயில் திருவிழாவுக்கு எல்லோரும் இதே காரில் போயிருக்கிறார்கள். போக வர வழியெல்லாம் ஒரு கசெட் ஓடியிருக்கிறது. புசல்லாவைக் கோயில் பாடகர் குழு பாடியதை ஒரு பாதர் தன் ரெகோடரில் பிடித்துக் கொடுத்தது. தன் கல்யாணத்துக்கு முன்னே மதலேனா அக்கா தனியாகப் பாடின பாட்டு ஒன்று அதில் இருக்கிறது. வேறு கொப்பி கிடையாது. எனக்கு ஒரு கொப்பி அடித்துத் தாருங்கள் என்று எஸ்ரன் பலமுறை கேட்டிருக்கிறான். திரும்பி வரும்போது தம்புள்ளையில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது பார்த்தால் கசெட் உறை மட்டும் இருக்கிறது, கசெட்டைக் காணோம். மரியநாயகம் பழக்கதோஷத்தில் எஸ்ரனிடம் பையைக் காட்டச் சொல்லிவிட்டார். ரோட்டோரம், ஜனங்களுக்கு நடுவே, பொனட் மேல் அவன் பையைக் கவிழ்த்துக் கொட்டியிருக்கிறார். சேட்டு, சாரம், மடுமாதா படம் ஒன்று. கசெட் இல்லை. எஸ்ரன் எல்லாவற்றையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு கண்டி பஸ்ஸில் ஏறிவிட்டான்.

பையில் இல்லையென்றால் உடம்பில் மறைத்திருப்பான் என்பது மரியநாயகத்தின் முடிவு. கசெட்டை எடுத்தவன் அடுத்தது செட்டையே எடுப்பான் என்று அந்த வாரமே செட்டின் முகத்தை மூடி ஒரு தகரம் அடித்துவிட்டார். ரேடியோ திருகுகிற குமிழ் இரண்டுக்கு மட்டும் ஓட்டை. நாலு மூலைக்கும் நாலு ஆணி, நாலு சிவப்புப் பொட்டு.

நான் என் வேலையைப் பார்த்தேன். செட்டைத் தொடக்கூடாது என்றால் இருக்கிறது ஒரே வழி. சிகரெட் லைட்டர் ஓட்டையில் குத்துகிற குட்டி எப்எம் கருவி. பாட்டுப் பெட்டி பாடுவதை அது காற்றில் அனுப்பும், கார் ரேடியோ அதை ஒரு நிலையம் என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும். ஜப்பான் செட் ஆனபடியால் எப்எம் தொண்ணூறோடு முடிந்துவிடும், அதற்குள் ஒரு வெறும் இடம் தேடிப் பிடித்துக் கொடுத்தேன். நன்றாகத்தான் பாடியது. ஒரு சுற்றுப் போய் வந்தவர் காரை நிறுத்தி இறங்கிய வேகத்தில் ஏதோ பிழை என்று எனக்கு விளங்கிவிட்டது.

முன்னால் போன திரீவீலின் ரேடியோவில் தன் பெட்டியின் பாட்டுக் கேட்டது என்றார். அப்படி நடக்கக்கூடியதுதான். அந்தக் கருவிக்குச் சொந்தக் கார், அடுத்தவன் வண்டி என்று தெரியாது. மரியநாயகத்துக்கோ அது வீட்டு ஜன்னலைத் திறந்துபோட்ட மாதிரி.

செட்டுக்குப் பின்னால் ஒரு வயர் இழுக்கலாம் என்றேன். ஒரிஜினல் வயரில் கத்தி வைக்க விடமாட்டேன் என்றார். மிச்சம் இருந்தது வால் கசெட். பார்க்கக் கசெட் மாதிரியே இருக்கும், உள்ளே நாடா இருக்காது, வால் மாதிரி ஒரு வயர் வெளியே வரும். வாலைப் பாட்டுப் பெட்டியில் குத்திவிட்டுக் கசெட்டைச் செட்டின் வாயில் தள்ளினால் சரி. வெட்டத் தேவையில்லை, ஒட்டத் தேவையில்லை. ஆனால் வாய் தகரத்துக்குப் பின்னால் இருக்கிறது.

தகரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் தகரம். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. நாளைக்கு என் செட் இது இல்லை, லிங்கம் மாற்றிவிட்டான் என்று இந்த மனுஷன் நாலு பேரிடம் சொன்னால் என் கடைக்கு நாய்கூட வராது. எனக்கும் ஒரு சாட்சி தேவை என்று பக்கத்தில் சீட் தைக்கிற ஸிபானைக் கூப்பிட்டேன். அலவத்துகொடைக்காரன். வாய் கொஞ்சம் நீளம், பொய் சொல்லமாட்டான்.

"நாலு பொட்டையும் பாரு. வெடிப்பு இருக்கா?" என்று கேட்டேன்.

ஸிபான் டோர்ச் அடித்துப் பார்த்தான். ஒன்றும் உடையவில்லை என்றான். மரியநாயகத்தையும் பார்க்கச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். எல்லாம் தான் வைத்தபடியே இருக்கிறது, ஒருத்தனும் கை வைக்கவில்லை என்று அவர் வாயாலேயே சொன்னார். அதற்குப் பிறகுதான் ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். தகரம் வந்தது. பின்னால் செட்டின் முகம் புதுசு மாதிரி இருந்தது.

வால் கசெட்டைத் தள்ளினேன். போகவில்லை. திருப்பித் தள்ளினேன். உள்ளே ஏதோ தடுத்தது. வாய் மூடியை விரலால் அமத்தி டோர்ச் அடித்தால், வெள்ளையாக ஒரு கடதாசி விளிம்பு. வெளியே தள்ளுகிற பொத்தானை அமத்தினேன், செட் முனகியதே தவிர ஒன்றும் வரவில்லை. செட்டை வெளியே எடுக்கவேண்டும் ஐயா என்றேன். அக்காதான் எடு என்றார்.

மேல் மூடியைத் திறந்து, உள்ளே கவ்வியிருந்த நெம்பியை விரலால் தூக்கிப் பிடித்து, மெதுவாக இழுத்தேன். ஒரு கசெட் வந்தது. ஒட்டியிருந்த கடதாசியில் நீலப் பேனையால் புசல்லாவைக் கோயிலின் பெயர்.

அக்கா எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தார். மரியநாயகம் கசெட்டை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"இத நீ எப்ப உள்ள போட்ட?"

எனக்கு வந்த கோபத்தில் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டேன். நல்லவேளை ஸிபான் முந்திக்கொண்டான்.

"என்ன ஐயா கத பேசுறீங்க? ஒங்கட செவப்புப் பொட்டு நாலும் உடையல்லன்டு இப்பதானே ஒங்கட வாயால சொன்னீங்க. தகரம் அடிச்சது நீங்க. அதுக்கு முந்தி உள்ள போன சாமான்தான் இது."

மரியநாயகம் கதிரையில் போய் இருந்தார். அந்த மாதிரிச் செட்டில் கசெட் ஓடிக்கொண்டிருக்கும்போது ரேடியோப் பொத்தானை அமத்தினால் ரேடியோ பாடும், கசெட் வெளியே வராது, வயிற்றுக்குள்ளேயே கிடக்கும். தம்புள்ளைக்கு வரும் வழியில் யாரோ செய்தி கேட்க ரேடியோவைப் போட்டிருக்கிறார்கள். யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. அக்கா கேட்டார். "நியூஸ் கேக்கணும்னு போட்டது யாரு?" மரியநாயகம் கசெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு யோசனை சொன்னார். கசெட்டைத் திரும்ப உள்ளே வைத்துத் தகரத்தைப் பூட்டு, நான் புதுசாகப் பொட்டு வைக்கிறேன், எஸ்ரன் தன் கையாலேயே கழற்றிப் பார்க்கட்டும், அப்போதுதான் நம்புவான். நான் முடியாது என்றேன். அது பொய்ப் பொட்டு ஆகிவிடும், அதற்கு என் ஸ்குரூ டிரைவரைத் தரமாட்டேன். அப்படியென்றால் நீ சாட்சிக்கு வா என்றார். எரிச்சலோடுதான் ஏறினேன். அதற்கு முன் செட்டில் இத்துப்போன பெல்ட்டை மாற்றி, வால் கசெட்டைப் போட்டுப் பாட்டுப் பெட்டியை இணைத்துப் பார்த்தேன். துல்லியமாகப் பாடியது. கேட்கிற நிலையில் அங்கே யாரும் இல்லை.

தெல்தெனியவில் எஸ்ரன் மிஷினில் இருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழும்பப் போனவன், பின்னால் மரியநாயகம் வருவதைக் கண்டதும் திரும்பவும் துணியைத் தள்ளத் தொடங்கினான். மரியநாயகம் நின்றபடியே எல்லாம் சொன்னார். தகரம், பொட்டு, ஆணி, செட்டின் வயிறு, நான், ஸிபான். கசெட்டை மிஷின் பலகையில் வைத்தார். தகரத்தையும் நாலு ஆணியையும் வைத்தார், கடையில் கணக்கு ஒப்படைக்கிற மாதிரி. எஸ்ரன் கசெட்டை எடுத்துப் பார்த்தான். கடதாசியில் இருந்தது அவனுடைய எழுத்துத்தான் என்று அக்கா சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அதுதான் என் சாட்சி.

எஸ்ரன் மிஷினை நிறுத்தினான்.

"அன்னைக்கு எம்பைய ரோட்ல கொட்டினீங்க மச்சான். இன்னைக்கு ஒங்க பைய கொட்டுங்க."

பஸ் ஸ்டாண்ட் பக்கம். கடைக்கு முன்னால் ஆட்கள் நின்றார்கள். மரியநாயகம் கோபித்துக்கொண்டு காரில் ஏறுவார் என்றுதான் நினைத்தேன். ஏறவில்லை. வெளியே வந்து, கார் பொனட் மேல் சட்டைப் பையையும் களிசான் பையையும் ஒன்றொன்றாகக் காலி செய்தார். செபமாலை. மூக்குக் கண்ணாடிக் கூடு. எரிந்த பல்பு ஒன்று, என் கடையில் கழற்றியதுதான். பாட்டுப் பெட்டி. கடைசியாகச் சிவப்புக் கியூடெக்ஸ் போத்தல்.

எஸ்ரன் போத்தலைத் தூக்கினான்.

"இது யாருக்கு?"

"காருக்கு," என்றார் மதலேனா அக்கா.

எஸ்ரன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் ஆடியதில் சிரிக்கிறான் என்று தெரிந்தது. திரும்பியபோது சிரிப்பு இல்லை. போத்தலை மச்சானின் கையில் கொடுத்தான்.

"புள்ளைக்குத் தாய்மாமன் சீர் கொண்டு வர்றேன். ஆனா பஸ்ல வர்றேன். இந்தக் கார்ல ஏறமாட்டேன்."

சொன்னபடியே பஸ்ஸில்தான் வந்தான். கல்யாணத்தன்று நானும் போயிருந்தேன். வயர் கழன்றால் குத்திவிட ஆள் தேவை என்றுதான் சொன்னார்கள். கோயில் வாசலில் பூக் கட்டிய கார் நிற்கிறது. பாட்டுப் பெட்டி பாடுகிறது. மதலேனா அக்காவின் பாட்டையும் அதற்குள் ஏற்றியிருந்தார்கள், எஸ்ரனுக்கும் ஒரு கொப்பி போயிருந்தது. வளைவில் பஸ் நின்று எஸ்ரன் பெரிய பை ஒன்றோடு இறங்கினான். மரியநாயகம் கோட்டும் டையுமாக எதிரே போய் நின்று கையை நீட்டினார். எஸ்ரன் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பையைக் கொடுத்தான்.

மரியநாயகம் அதை வாங்கி ஒருதரம் தூக்கிப் பாரம் பார்த்தார். திறக்கவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.