கோழி இறகு நட்ட குழி

எங்கள் வீட்டு வாசலில் ஒரு மணல் குவியல் கிடந்தது. இன்னொரு அறை கட்டலாம் என்று அப்பா வாங்கிக் கொட்டியது. அதற்குள் பல்லடத்துப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் கூரை ஷீட் மாற்ற ஏறியவர், ஷீட் உடைந்து விழுந்துவிட்டார். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. அறை கட்டும் பேச்சு நின்றது, மணல் மட்டும் அப்படியே கிடந்தது.

அம்மா துணி நெய்யும் தறிக்குடோனுக்கு வேலைக்குப் போனாள். என் பள்ளிக்கூடப் பை பரண்மேல் ஏறியது. காலையில் பக்கத்து வீட்டுக்காரரும் அம்மாவுமாக அப்பாவைக் கட்டிலோடு தூக்கிப் புங்கமரத்தடியில் போடுவார்கள். தண்ணீர் கொடுப்பதும் ஈ ஓட்டுவதும் என் உத்தியோகம்.

ஒருநாள் கருங்குளவி ஒன்று, தன்னைவிடப் பெரிய வெட்டுக்கிளியை மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மணலில் ஏறியது. அங்கே ஏற்கெனவே குழி பறித்து வைத்திருந்தது.

"செத்துப்போச்சுங்களாப்பா?"

"இல்ல கண்ணு. காலு லேசா ஆடுது பாரு. உசுரு இருக்குது, அசையத்தான் முடியல."

குளவி அதை உள்ளே இழுத்துப்போட்டு, தான் மட்டும் வெளியே வந்து, மணலைத் தள்ளி மூடித் தலையால் தட்டிச் சமன் செய்துவிட்டுப் பறந்துபோனது. திரும்பி வரவேயில்லை.

சாயங்காலம் வந்த அத்தையிடம் சொன்னேன். அப்பாவுக்கு மூத்தவள். எதற்கும் அவளிடம் ஒரு ஆறுதல் தயாராக இருக்கும்.

"குளவி கொட்டிப்போட்டு மூடி வெச்சா, அந்தப் பூச்சியே புது றெக்கை மொளச்சுக் குளவியா எந்திரிச்சு வருமாமா அம்மணி. உங்கப்பனும் அப்படித்தான் எந்திரிப்பான் பாரு."

எனக்கு அது போதுமானதாக இருந்தது. குளவி மூடிய இடத்தில் வெள்ளைக் கோழி இறகு ஒன்றை நட்டு வைத்தேன். அப்பா தலையை அந்தப் பக்கமே திருப்பி வைக்கச் சொன்னார். கட்டிலைப் போட்டதும், "ஏதாச்சும் அசையுதா கண்ணு?" என்பார். அவர் நம்பினாரா, எனக்காகக் கேட்டாரா, தெரியாது. கேட்கும்போது குரலில் ஆசை இருந்தது.

பல வாரங்கள் கழித்து ஒரு காலையில் இறகுக்குப் பக்கத்து மணல் பிளந்தது. குளவி ஒன்று தலையை நீட்டி, முகத்தைத் துடைத்துக்கொண்டு பறந்தது.

"எந்திரிச்சிருச்சுங்கப்பா!" என்று கட்டிலைச் சுற்றிக் குதித்தேன். விழுந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் அப்பா சிரித்தார்.

அதோடு விட்டிருக்கலாம். குழிக்குள் என்ன மாயம் இருக்கிறதென்று பார்க்க ஆசைப்பட்டுக் கையால் தோண்டினேன். பழுப்பு நிறத்தில் வெறும் கூடு ஒன்று. அதன் பக்கத்தில் வெட்டுக்கிளியின் கால்கள், இறக்கை, காய்ந்த தலை. உள்ளங்கையில் வைத்து அப்பாவின் முகத்தருகே கொண்டுபோனேன்.

வெகுநேரம் பார்த்தார்.

"இது எந்திரிக்கல கண்ணு. குளவிக் குஞ்சு இதைத் தின்னுபோட்டு வந்திருக்குது." என் பக்கம் பார்வையைத் திருப்பி, "பரவால்ல. இது ஒரு குஞ்சுக்காச்சும் ஆயிருக்குது. நானு எங்குஞ்சையவே தின்னுட்டுக் கெடக்கறேன்" என்றார்.

"என்னைய நீங்க எங்கீங்கப்பா தின்னீங்க?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

சாயங்காலம் அம்மாவிடம், "நாளையிலிருந்து இவளைப் பள்ளிக்கூடம் அனுப்பீரு" என்றார்.

"ஏனுங்க, பகலெல்லாம் உங்களுக்கு ஆருங்க தண்ணி குடுப்பாங்க?"

"எனக்கு இப்பெல்லாம் தாகமே எடுக்கறதில்ல."

அம்மா அழுது பார்த்தாள். ஒப்புக்கொள்ளும்வரை அவர் வாயைத் திறந்து ஒரு கவளம் வாங்கவில்லை. நான் பையைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு, வழியெல்லாம் ஓட்டமாகவே போனேன்.

மழைக்காலத்துக்கு முன்பே அப்பா போய்விட்டார். அதுவரை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சொம்போடு அவரிடம்தான் போவேன். வறண்ட உதட்டோடு, "வேண்டாம் கண்ணு, தாகமில்ல" என்பார். அவருக்கு உடம்பு தேறி வருகிறது என்று நினைத்துக்கொண்டு, அந்தத் தண்ணீரை நானே குடித்துவிட்டு விளையாடப் போவேன்.