ரத்தம் கொடுக்காமல் கிளம்பிவிட்ட பெண்

இன்று காலை ஆஸ்பத்திரி வாசலில் சீவலப்பேரி பேருந்துக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் மூன்று மாதக் கர்ப்பிணி ஒருத்தி. கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு. ரத்தம் கொடுக்காமலேயே வீட்டுக்குக் கிளம்பிவிட்டாளாம்.

"எனக்குக் காய்ச்சல்கூட கிடையாதுக்கா. ரத்தத்துல கிருமி இருக்கான்னு பாக்கணுங்காவ."

பதினோரு வருடமாக வெளியில் சொல்லாததை அவளிடம் சொன்னேன்.

"எனக்கும் அப்போ காய்ச்சல், வலின்னு ஒண்ணும் தெரியலம்மா. சீட்டை மடிச்சுப் பையில போட்டுட்டேன். எட்டாம் மாசம் பிள்ளை வயித்துக்குள்ளயே இறந்துட்டு. அப்புறந்தான் கிருமி இருந்தது தெரிஞ்சுது. முன்னாடியே பாத்திருந்தா ஊசியிலயே சரியாயிருக்கும்னு டாக்டரம்மா சொன்னாவ."

பேருந்து வந்தது. அவள் ஏறவில்லை.

"கூட வாரியளாக்கா?"

போனேன். ரத்தம் எடுக்கும்போது என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மத்தியானம் முடிவு வந்தது. எந்தத் தொற்றும் இல்லை.

அந்தச் சந்தோஷத்தில், "உங்களுக்கு எத்தன பிள்ளைய?" என்று கேட்டாள்.

"ரெண்டு" என்றேன்.

வீட்டில் இருப்பது மகள் ஒருத்திதான். வயிற்றிலேயே இறந்த மகன் இருந்திருந்தால் இப்போது ஆறாம் வகுப்புப் படிப்பான். இந்தக் கேள்விக்கு நான் ஆளுக்கொரு பதில் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

நீங்களாக இருந்தால் எத்தனை என்று சொல்வீர்கள்?