டாஃபடில் பார்க்கப் போன சனிக்கிழமை

காலை 6.40. ஹட்டன் பஸ் நிலையத்தில் நுவரெலியா பஸ் கிளம்புவதாக இல்லை. கண்டக்டர் இன்னும் ஆள் கூவிக்கொண்டிருந்தார். நான் மூன்று தரம் கடிகாரத்தைப் பார்த்தேன். பூ எங்கும் ஓடிவிடாது என்று தெரியும். ஆனாலும் இருப்புக்கொள்ளவில்லை.

டிக்கோயாவில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். பாடப் புத்தகக் கவிதையில் வரும் டாஃபடில் என்ற சொல்லைப் பதினான்கு வருடமாகக் கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் 'மஞ்சள் பூ' என்று போட்டு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை ஒரு பிள்ளை, "நீங்க பாத்திருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

"பாத்திருக்கேனே" என்றேன். வாய் கூசாமல் வந்த பொய். அதன்பிறகு அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

அன்று மாலையே சித்தி மகன் யோகனுக்குப் போன் போட்டேன். நானுஓயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், அதை நிர்வகிக்கும் துரையின் பங்களாவில் பூந்தோட்ட வேலை பார்க்கிறான். டாஃபடில் நட்டிருப்பதாக முன்பு சொல்லியிருந்தான். "ஒன்னு மொட்டு விட்டிருக்குக்கா. சனிக்கிழமை வாங்க" என்றான்.

நானுஓயா, 8.50. பஸ்ஸுக்கு 240 ரூபாய். அங்கிருந்து ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 800. வழியெல்லாம் நான் அவசரப்படுத்தியதில் ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "யாருக்காச்சும் ஒடம்பு முடியலீங்களா?" என்றார்.

"பூ பாக்கப் போறேன்."

அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

யோகன் பின்வாசலில் காத்திருந்தான். பங்களாவில் வேலை செய்பவர்களின் சொந்தக்காரர்கள் முன்கேட் வழியாக வருவதில்லை. இன்றைக்கும் அப்படித்தான். சமையல்கட்டு ஓரமாக என்னை நிறுத்திக்கொண்டு சொன்னான்: "இங்க உள்ள குளிரு அதுக்குப் பத்தாதுக்கா. கெழங்க பத்து வாரம் எங்க வீட்டு ஃபிரிட்ஜுல வச்சிருந்தேன். வெங்காயம்னு நெனச்சு ரெண்ட வெட்டப் போயிட்டா என் பொஞ்சாதி."

இரண்டு ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டே கேட்டேன். பத்துக் கிழங்கு நட்டதில் பூத்தது ஒன்றுதான். திங்கட்கிழமை கொழும்பிலிருந்து தோட்டத்து முதலாளி வருகிறார். அவரிடம் பூவைக் காட்டித் தன் தற்காலிக வேலையை நிரந்தரமாக்கித் தரும்படி கேட்கப் போகிறானாம்.

துரையின் மனைவி, துரைசாணி, புல்வெளியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அவங்க உள்ள போகட்டும்க்கா. அப்புறம் பாக்கலாம்."

அரை மணி போயிற்று, முக்கால் மணி போயிற்று. ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும் என்பார்கள். எனக்கு ஆக்கவே பொறுமை கிடையாது. யோகன் தண்ணீர்க் குழாயை மூடப் போன நேரம் பார்த்துப் புல்வெளியில் இறங்கிவிட்டேன்.

ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லி, வந்த காரணத்தை விளக்கினேன். துரைசாணி நல்ல மனுஷி. எழுந்து தானே கூட்டிக்கொண்டு போனார். முழங்கால் உயரம்கூட இல்லாத தண்டு, ஆறு இதழ், நடுவில் சின்னக் கிண்ணம் மாதிரி ஒன்று. பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. பொய் சொன்ன பாரம் இறங்கிவிட்டது என்றுகூட நினைத்தேன்.

அவர் குனிந்து, பட்டென்று அதை ஒடித்து என் கையில் கொடுத்தார். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள் என்றார். பதினான்கு வருடம் கற்பித்த ஆங்கிலத்தில் 'வேண்டாம்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

யோகன் குழாயடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

பின்வாசல் வரை கூடவே வந்தான். "முதலாளிகிட்ட நான் பேசிப் பாக்கவா?" என்றேன்.

"வேணாங்க்கா. பூ வாடுறதுக்குள்ள நீங்க கொண்டு போய்ச் சேருங்க."

12.30 பஸ்ஸில் இடம் கிடைத்தது. தலவாக்கலை தாண்டும்வரை மடியிலிருந்த பூவை நான் குனிந்து பார்க்கவில்லை. சொன்ன பொய்யை மெய்யாக்கிவிட்டேன். அதற்கு யோகனின் திங்கட்கிழமையை ஒடித்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.